ஒன்பது நாள் குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்குகின்றன. ஓசை மட்டும் வரவில்லை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். குஞ்சு பொரிப்பானில் நானே அடை வைத்துப் பொரித்த 34 கோழிக் குஞ்சுகளுக்கு இன்று ஒன்பதாவது நாள். ஐந்தாம் நாள் மாலையில் இரண்டு மூன்று குஞ்சுகள் தும்முவதைக் கவனித்தேன். மரச்சீவலில் இருந்த தூசியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஏழாம் நாள் காலையில் ஒரு குஞ்சு கழுத்தை மேலே நீட்டி, கொட்டாவி விடுவதுபோல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. தொண்டையில் இரை சிக்கியிருக்குமோ என்று பார்த்தேன், ஒன்றும் இல்லை. அன்று இரவே அது இறந்துவிட்டது. நேற்று இன்னொன்றும் அதேபோல் இறந்தது. இப்போது மேலும் மூன்று குஞ்சுகள் இறகைத் தளர்த்திக்கொண்டு, கண்ணை மூடியபடி, ஒவ்வொரு மூச்சுக்கும் வாயைத் திறக்கின்றன. வால் பகுதி மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது.

மரப்பெட்டி ஒன்றைத்தான் புரூடராக, அதாவது இளங்குஞ்சுகளைச் சூட்டில் வைத்து வளர்க்கும் இடமாக வைத்திருக்கிறேன். மேலே ஒரு வெப்ப விளக்கு, தரையில் மரச்சீவல், இரவில் சூடு வெளியேறாமல் இருக்கப் பெட்டியின் மேல் கனமான துணியைப் போர்த்திவிடுவேன். தீவனம் குஞ்சுகளுக்கென்று விற்கப்படும் தொடக்கத் தீவனம்தான். எச்சம் பார்வைக்கு இயல்பாகவே இருக்கிறது. முகத்தில் வீக்கம் இல்லை, கண்ணில் நுரையும் இல்லை. தும்முகிற குஞ்சுகள் ஏழெட்டு இருக்கும். அவற்றில் இரண்டுக்கு மட்டும் மூக்குத் துளை ஈரமாக இருக்கிறது. சென்ற ஆண்டு வேறு ஒரு தேவைக்காக வாங்கி மீந்திருந்த அமாக்ஸிசிலின் தூளை இரண்டு நாளாகத் தண்ணீரில் கலந்து வைக்கிறேன். பலன் ஒன்றும் தெரியவில்லை. இதே இடத்தில் வளரும் பெரிய கோழிகள் நலமாக இருக்கின்றன. இது தொற்று நோயா, மருந்தை மாற்ற வேண்டுமா, நோயுற்றவற்றைப் பிரித்தால் போதுமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

வணக்கம் சகோதரி. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் சி.ஆர்.டி. என்று நாம் சொல்லும் நாட்பட்ட சுவாச நோய் போலவே தெரிகிறது. தும்மல், மூக்கில் ஈரம், மூச்சிரைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் நான் வேறு எதையும் யோசிப்பதில்லை. எனக்கு இருமுறை இப்படி வந்தபோது டைலோசின் என்ற மருந்தை ஐந்து நாள் கொடுத்தேன். கூடவே வைட்டமின் திரவமும் கொடுத்தேன். பெரும்பாலான குஞ்சுகள் தேறிவிட்டன. அமாக்ஸிசிலினை நிறுத்திவிட்டு இதைத் தொடங்குங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் இழப்புதான்.

மறுமொழி 2

நண்பர் சொல்வதில் ஒரு பகுதியை ஏற்கிறேன்: அமாக்ஸிசிலினை நிறுத்துங்கள். சி.ஆர்.டி.யை உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரிக்குச் செல்சுவரே கிடையாது. அமாக்ஸிசிலின் உள்ளிட்ட பெனிசிலின் வகை மருந்துகள் அனைத்தும் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுத்துத்தான் கிருமியைக் கொல்கின்றன. இல்லாத சுவரை இடிக்க முடியாது. எனவே இது சி.ஆர்.டி.யாகவே இருந்தாலும் நீங்கள் கொடுத்த தூளால் பயன் இருந்திருக்காது.

ஆனால் இது சி.ஆர்.டி.தான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நோய் தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு வரும் என்பது உண்மையே. என்றாலும் அறிகுறிகள் பெரும்பாலும் சில வாரங்கள் கழித்தே வெளிப்படும். வந்தாலும் மெல்ல மெல்லப் பரவும், நாட்கணக்கில் இழுக்கும், கண்ணோரத்தில் நுரை தள்ளும், மூச்சில் ஈரமான கரகரப்பு இருக்கும். ஏழாம் நாளில் வாயைப் பிளந்து அன்றிரவே இறப்பது அதன் நடை அன்று.

நீங்கள் தலைப்பிலேயே எழுதியிருக்கும் ஒரு செய்தியைத்தான் நான் முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன்: ஓசை இல்லை. இதை உறுதிசெய்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. இரவில் குஞ்சுகள் அடங்கிய பிறகு, அவற்றுக்குச் சூடு குறையாதபடி பார்த்துக்கொண்டு, சுற்றிலும் உள்ள சத்தங்களை நிறுத்திவிட்டுப் பெட்டியின் அருகே இரண்டு நிமிடம் அசையாமல் உட்காருங்கள். பிறகு வாயைத் திறக்கும் குஞ்சு ஒன்றை எடுத்து அதன் முதுகை உங்கள் காதோடு வைத்துக் கேளுங்கள். கொதிக்கும் நீரில் குமிழி வெடிப்பதைப் போன்ற சிறிய கரகரப்புக் கேட்டால் மூச்சுக் குழாயில் சளி இருக்கிறது என்று பொருள். கிருமியோ வைரஸோ காரணமாக இருக்கலாம். குஞ்சு அவ்வளவு பாடுபட்டு மூச்சு வாங்கியும் ஒரு சிறு ஓசையும் இல்லையென்றால், அடைப்பு மூச்சுக் குழாயில் இல்லை, அதற்கும் கீழே நுரையீரலிலும் அதோடு இணைந்த காற்றுப்பைகளிலும் இருக்கிறது என்று நான் எண்ணுவேன். குஞ்சுப் பருவத்தில் அப்படிச் செய்யும் முதன்மையான நோய் பூஞ்சையால் வரும் நுரையீரல் அழற்சி, அஸ்பெர்ஜில்லோசிஸ் என்பார்கள். புரூடர் நிமோனியா என்ற பெயரும் இதற்கு உண்டு, ஏனென்றால் புரூடரில் இருக்கும் வயதில்தான் இது மிகுதியாகக் கொல்கிறது. பூஞ்சை விதைத்துகளைச் சுவாசித்த நான்கு முதல் பத்து நாட்களுக்குள் அறிகுறி தெரியத் தொடங்கும். உங்கள் கணக்கை இதனோடு வைத்துப் பாருங்கள்.

எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பை முன்னும் பின்னும் அசைத்துத்தான் காற்றை இழுக்கிறது. மார்பைச் சுற்றிக் கையை இறுக்கிப் பிடித்தால், முகத்தை நாம் மூடாவிட்டாலும் குஞ்சு மூச்சுத் திணறும். ஏற்கெனவே திணறும் குஞ்சு அந்தப் பிடியிலேயே போய்விடும். உள்ளங்கையில் உட்காரவைத்து, விரல்களைத் தளர்வாக மேலே கூரைபோல வைத்தால் போதும்.

இனி, தும்முகிற ஏழெட்டுக் குஞ்சுகளையும் வாயைப் பிளக்கும் மூன்றையும் ஒரே நோயின் இரண்டு நிலைகள் என்று கருத வேண்டாம். இரண்டு தனித்தனிச் சிக்கல்களாக இருக்கலாம். கனமான துணி போர்த்திய பெட்டி என்றவுடனே எனக்கு அம்மோனியாதான் நினைவுக்கு வந்தது. எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை ஈரக் கூளத்தில் வாழும் நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது அம்மோனியா கிளம்புகிறது. அது மூச்சுக் குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்மயிர்களைச் செயலிழக்கச் செய்கிறது. தூசியையும் கிருமியையும் மேலே தள்ளி வெளியேற்றுவது அந்த நுண்மயிர்கள்தாம். அவை நின்றுவிட்டால் உள்ளே போனது உள்ளேயே தங்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்குக்கு மேல் அம்மோனியா இருக்கக் கூடாது என்பது பண்ணைகளில் பரவலாகக் கடைப்பிடிக்கும் வரம்பு. கருவி தேவையில்லை. துணியை எடுத்த உடனே, நின்றபடி அல்ல, முழங்காலிட்டுக் குஞ்சின் தலை உயரத்துக்கு உங்கள் முகத்தைக் கொண்டுபோய் ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். கண்ணில் சிறிது கரிப்பு இருந்தாலும் அது குஞ்சுக்கு மிகை. நாள்தோறும் அதே காற்றில் புழங்கும் மூக்கு பழகிப்போய் ஏமாற்றும் என்பதால், வெளியிலிருந்து வரும் ஒருவரை முகர்ந்து பார்க்கச் சொல்வது இன்னும் நம்பகமானது.

அடுத்து இறக்கும் குஞ்சைப் புதைத்துவிடாதீர்கள். உறைய வைக்காமல், குளிர்ச்சியாக மட்டும் வைத்து, அதே நாளில் கால்நடை நோய் ஆய்வகத்துக்கோ கால்நடை மருத்துவரிடமோ கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உறைந்த உடலில் திசுக்கள் சிதைந்துபோகும். பார்ப்பவருக்கு வேலை கெடும். மருந்துக்குச் செலவழிக்கும் முன்பு இதற்குச் செலவழிப்பதே நியாயம்.

மறுமொழி 3

மேலே உள்ள விளக்கத்தோடு வைரஸ் நோய்களையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "தொற்று நோயா" என்ற உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

பரவும் வேகத்தைப் பாருங்கள். ஐ.பி. எனப்படும் தொற்று மூச்சுக்குழல் அழற்சி, கோழிகளைத் தாக்கும் கொரோனா வைரஸ் ஒன்றால் வருவது. 1931-இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் இளங்குஞ்சுகளிடம்தான் அது முதன்முதலில் விவரிக்கப்பட்டது. கூட்டத்துக்குள் அது நுழைந்தால் ஒன்றரை நாள், இரண்டு நாளில் ஏறக்குறைய எல்லாக் குஞ்சும் தும்மும், கரகரக்கும். நான்கு நாட்களாகியும் 34-இல் ஏழெட்டு மட்டும் தும்முகின்றன என்றால் அது ஐ.பி.யின் வேகம் அன்று. இதை நான் நிம்மதியோடு சொல்கிறேன். காரணம், முதல் இரண்டு வாரத்துக்குள் ஐ.பி. தாக்கினால் பெட்டைக் குஞ்சுகளின் கருமுட்டைக் குழாய் நிரந்தரமாகப் பழுதாகலாம். அவை தேறி, கொழுத்து, கொண்டை சிவந்து, முட்டையிடும் கோழிபோலவே கூட்டில் போய் உட்காரும்; முட்டை மட்டும் வராது. என் பழைய கூட்டம் ஒன்றில் அப்படி ஆறு கோழிகளுக்கு ஏழு மாதம் தீவனம் போட்ட பிறகுதான் காரணம் புரிந்தது.

வெள்ளைக் கழிச்சல் என்று சொல்லும் ராணிக்கெட் நோயாக இருந்தால் மூச்சுத் திணறலோடு நில்லாது. பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், கால் இறக்கை வாதம் ஆகியவற்றுள் ஏதாவது ஒன்றாவது சில நாட்களில் தலைகாட்டும். தடுப்பு மருந்து போடாத பெரிய கோழிகளும் தப்புவதில்லை. உங்கள் பெரிய கோழிகள் நலமாக இருப்பதும் எச்சம் இயல்பாக இருப்பதும் நல்ல அறிகுறிகள். ஆனால் திடீரென்று பெரியவையும் சிறியவையும் கொத்தாகச் சாகத் தொடங்கினால், கையால் தொடாமல், எங்கும் எடுத்துச் செல்லாமல், அரசுக் கால்நடைத் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். பறவைக் காய்ச்சலை நாமாக விலக்கிவிட முடியாது.

ஒரு கேள்வி: குஞ்சுகளுக்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாகத் தடுப்பு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா? உயிருள்ள வைரஸைக் கொண்ட தடுப்பு மருந்து கொடுத்த மூன்று முதல் ஐந்து நாட்களில் இலேசான தும்மல் வருவதும், சில நாட்களில் தானாக அடங்குவதும் வழக்கம். அதற்கு மருந்து எதுவும் தேவைப்படாது.

மறுமொழி 4

வாயைப் பிளந்து கழுத்தை நீட்டுகிறது என்றால் கொட்டாவிப் புழுவாக இருக்குமோ? என் குஞ்சு ஒன்றின் தொண்டையில் சிவப்பாக, கவட்டை போன்ற வடிவில் புழுக்கள் ஒட்டிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். புழு நீக்க மருந்து கொடுத்ததும் சரியாகிவிட்டது.

மறுமொழி 2-ஐ எழுதியவர்

கொட்டாவிப் புழுவை நினைத்தது நியாயமே. தோற்றம் அச்சு அசல் அப்படித்தான் இருக்கும். ஆணும் பெண்ணும் பிரியாமல் ஒட்டியே வாழ்வதால்தான் அந்தக் கவட்டை வடிவம். ஆனால் அந்தப் புழுவின் முட்டையோ, அதைச் சுமக்கும் மண்புழு, நத்தை போன்றவையோ வயிற்றுக்குள் போனால்தான் நோய் வரும். உள்ளே போன இளம்புழு மூச்சுக் குழாயை அடைந்து முதிர்ச்சி பெறவும் ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். மண்ணையே மிதிக்காத ஒன்பது நாள் குஞ்சுக்கு அது வர வழியில்லை. வெளியே மேய விட்ட பிறகு, ஒரு மாதக் குஞ்சு இப்படிச் செய்தால் முதலில் அதைத்தான் தேட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இன்னும் எந்தத் தடுப்பு மருந்தும் கொடுக்கவில்லை.

துணியை எடுத்தவுடன் முழங்காலிட்டு முகர்ந்தேன்; எனக்குப் பெரிதாக எதுவும் தெரியவில்லை. வெளியூரிலிருந்து வந்திருந்த என் தங்கையை அழைத்து முகரச் சொன்னேன். அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். மேற்பரப்பு உலர்ந்திருந்தது, விரலால் கிளறியபோது தண்ணீர்க் குவளையைச் சுற்றி ஒரு முழம் அளவுக்குக் கூளம் அடியில் கட்டிதட்டி, கறுத்து, ஈரமாக இருந்தது. நான் நாள்தோறும் மேலே புதிய சீவலைத் தூவிவந்ததால் அது கண்ணில் படவே இல்லை.

இரவில் காதோடு வைத்துக் கேட்டேன். தும்முகிற குஞ்சு ஒன்றிடம் மூக்கில் இலேசான சீறல் இருந்தது. வாயைத் திறக்கும் மூன்றிடமும் எதுவும் கேட்கவில்லை. அலகு திறக்கிறது, மூடுகிறது; ஓர் ஊமைப் படத்தைப் பார்ப்பதுபோல இருந்தது. விடியற்காலையில் அவற்றுள் ஒன்று இறந்துவிட்டது. அதை அன்றே ஆய்வகத்துக்குக் கொண்டுசென்றேன். மருத்துவர் என் முன்னிலையிலேயே அறுத்தார். நுரையீரலில் கடுகை விடச் சிறிய மஞ்சள் வெள்ளைக் கட்டிகள் பத்துப் பதினைந்து இருந்தன. காற்றுப்பையின் சவ்வு ஒன்றில் சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் மெல்லிய படலம் இருந்தது. நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுப் பூஞ்சைதான் என்றார்.

எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அடையின் பதினெட்டாம் நாளில் பொரிப்பானுக்குள் ஒரு முட்டை வெடித்துவிட்டது. சூடு குறைந்துவிடுமே என்று பயந்து, துணியால் மேலோட்டமாகத் துடைத்துவிட்டு மூடிவிட்டேன். மரச்சீவல் மூட்டையும் சுவரோரம் ஈரத்தில் இருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் அடியில் வெண்பூஞ்சை படர்ந்திருக்கிறது. இரண்டில் எது காரணம் என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. எஞ்சிய குஞ்சுகளுக்கு இனி என்ன செய்யலாம்?

மறுமொழி 1-ஐ எழுதியவர்

அவசரப்பட்டு எழுதிவிட்டேன், சகோதரி. என் குஞ்சுகள் அப்போது ஐந்து வாரத்தைத் தாண்டியிருந்தன. வயதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. இருந்தாலும் தும்முகிற குஞ்சுகளில் கரகரப்பும் கண் நுரையும் பின்னாளில் தோன்றினால் சி.ஆர்.டி.யை மறுபடியும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றம் இல்லை.

மறுமொழி 2-ஐ எழுதியவர்

அதில் எனக்கும் மறுப்பில்லை. அந்த நிலை வந்தால் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மருந்தை மட்டும் கொடுங்கள்; தொடக்கத் தீவனத்தின் சீட்டையும் அவரிடம் காட்டுங்கள். இரத்தக் கழிச்சலைத் தடுக்க மொனென்சின், சாலினோமைசின் போன்றவற்றைச் சில தீவனங்களில் சேர்த்திருப்பார்கள். மைக்கோபிளாஸ்மாவுக்குக் கொடுக்கும் டயாமுலின் என்ற மருந்து அவற்றோடு சேர்ந்தால் கோழிக்கு நஞ்சாகி உயிரையே பறிக்கும்.

பூஞ்சையைப் பொறுத்தவரை, உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டுமென்றால், வாயைத் திறக்கும் நிலைக்கு வந்துவிட்ட குஞ்சுக்குப் பயனுள்ள மருத்துவம் என்று பெரிதாக எதுவும் இல்லை. மனிதருக்கும் விலையுயர்ந்த வளர்ப்புப் பறவைகளுக்கும் பூஞ்சை மருந்துகள் உண்டு. ஒரு கூட்டம் குஞ்சுகளுக்கு அவற்றை வாரக்கணக்கில் கொடுப்பது நடைமுறையில் நடப்பதில்லை. ஆன்டிபயாடிக் எதுவும் பூஞ்சையைத் தொடாது. ஆனால் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு: இது ஒரு குஞ்சிலிருந்து இன்னொரு குஞ்சுக்குத் தொற்றுவதில்லை. எல்லாக் குஞ்சும் ஒரே இடத்திலிருந்து விதைத்துகளைச் சுவாசித்தவை. அந்த இடத்தை அகற்றிவிட்டால் புதிதாக நோயுறுவது நிற்கும். ஏற்கெனவே உள்ளே வாங்கியவற்றில் சில இன்னும் ஒரு வாரம் வரை விழக்கூடும். அதைக் கண்டு மறுபடியும் மருந்தைத் தேடி ஓடாதீர்கள்.

நலிந்த இரண்டையும் தனியே வைப்பது தொற்றுக்கு அஞ்சி அல்ல. மற்றவை மிதிக்காமல் இருக்கவும், இரைக்கும் தண்ணீருக்கும் போட்டியிடாமல் இருக்கவும்தான். வாயில் தண்ணீரை ஊற்ற வேண்டாம். கோழியின் மூச்சுத் துளை நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருப்பதால், ஊற்றிய தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். அலகின் நுனியைத் தண்ணீரில் தொட்டுக் காட்டுங்கள், அல்லது அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து அது தானே விழுங்கும்வரை காத்திருங்கள்.

மறுமொழி 5

பெட்டியைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் இதே தவற்றைச் செய்து பாடம் கற்றவன் நான்.

முதலில் குஞ்சுகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, பிறகுதான் பழைய கூளத்தைத் தொட வேண்டும். முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள்; ஆஸ்துமா உள்ளவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் இந்த வேலையின் பக்கமே வர வேண்டாம், இந்தப் பூஞ்சை மனித நுரையீரலையும் தாக்கக்கூடியது. உலர்ந்த கூளத்தை அப்படியே வாரினால் விதைத்துகள்கள் புகைபோல எழும். மேலே தண்ணீரை மெல்லத் தெளித்து, தூசி அடங்கியதும் பைக்குள் தள்ளிக் கட்டிவிடுங்கள். பூஞ்சை பிடித்த சீவல் மூட்டையை வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று தோன்றும், வேண்டாம். காய்ந்தாலும் விதைத்துகள் சாகாது, இன்னும் எளிதாகப் பறக்கும்.

புதிய கூளம் தூசியாகவும் இருக்கக் கூடாது, ஈரமாகவும் இருக்கக் கூடாது. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையைத் திறங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. திறந்ததும் தளர்ந்து உதிர்ந்தால் சரி. பிடிக்கவே நில்லாமல் விரலிடுக்கில் பொடியாக ஒழுகினால் தூசி மிகுதி. தண்ணீர்க் குவளையைக் குஞ்சின் முதுகு உயரத்துக்கு ஒரு பலகையின் மேல் ஏற்றி வையுங்கள். சிந்துவது பாதியாகக் குறையும். ஈரமான இடத்தின் மேல் புதிய சீவலைத் தூவுவது காயத்தைக் கழுவாமல் கட்டுப் போடுவது மாதிரி. அந்த இடத்தைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் புதியதை நிரப்ப வேண்டும்.

துணி போர்த்துவதை விட்டுவிடுங்கள் என்று சொன்னால் குளிருக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். சூடு விளக்கிலிருந்து வர வேண்டும். காற்றை அடைத்துச் சூட்டைத் தேக்கக் கூடாது. குஞ்சுகள் விடும் மூச்சின் ஈரம் முழுவதும் அந்தத் துணிக்குள்ளேதான் சுற்றிவரும். பெட்டியின் பக்கங்களில், குஞ்சின் தலைக்கு மேலே, எதிரெதிராகத் துளைகள் இருக்கட்டும்; காற்று அவற்றின் உடலில் நேராக வீசாமல் மேலாகக் கடந்து போகும். முதல் வாரத்தில் விளக்கின் கீழே 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை, பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று டிகிரியாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். வெப்பமானியைப் பெட்டியின் சுவரில் மாட்டாமல் குஞ்சின் முதுகு உயரத்தில் வையுங்கள். அதைவிட நம்பகமானவை குஞ்சுகளே: விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்தால் குளிர், சுவரோரம் ஒதுங்கி வாயைத் திறந்தால் வெப்பம். இந்த வெப்ப மூச்சிரைப்பைப் பார்த்துச் சளி என்று பயந்தவர்களும் உண்டு. விளக்கை உயர்த்திய கால் மணி நேரத்தில் அது நின்றுவிடும்.

விளக்கு என்றதும் நினைவுக்கு வருவது, உடையாமல் இருப்பதற்காக டெஃப்ளான் பூசிய வெப்ப விளக்குகள். சூடேறும்போது அந்தப் பூச்சிலிருந்து வரும் ஆவி பறவைகளைக் கூட்டமாகக் கொல்லும்; மனித மூக்குக்கு எதுவும் தெரியாமலே போகலாம். உங்கள் விளக்கின் அட்டையை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பொரிப்பானில் அடுத்த முட்டையை வைக்கும் முன், தட்டு, விசிறி, ஈரப்பதத் தொட்டி எல்லாவற்றையும் கழற்றிச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, அழுக்கு முற்றிலும் போன பிறகே கிருமிநாசினி தெளியுங்கள். அழுக்கின் மேல் தெளிக்கும் கிருமிநாசினி வீண். நன்றாக உலரவிட்டு மூடுங்கள். அடை வைக்கும்போதே விரிசல் விட்ட முட்டையையும் எச்சம் படிந்த முட்டையையும் ஒதுக்கிவிட வேண்டும். கழுவி வைக்கலாம் என்று குளிர்ந்த நீரில் கழுவினால், முட்டையின் உள்ளே இருப்பது சுருங்கி, ஓட்டின் நுண்துளை வழியே அழுக்கு நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் ஒளியில் பார்த்து, வளராத முட்டைகளை அப்போதே எடுத்துவிட்டால் வெடிப்பது மிகவும் குறையும்.

கேள்வி கேட்டவர்

இன்று குஞ்சுகளுக்கு 24 நாள். கூளத்தை மாற்றிய மறுநாளிலிருந்தே தும்மல் குறைந்து, ஐந்தாம் நாளோடு நின்றுவிட்டது. மூக்கு ஈரமாக இருந்த இரண்டையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்பு கலந்து, பஞ்சால் துடைத்துவிட்டேன்; மருந்து எதுவும் கொடுக்கவில்லை. வாயைத் திறந்துகொண்டிருந்த இரண்டில் ஒன்று மூன்றாம் நாள் இறந்தது. நீங்கள் எச்சரித்தபடியே, நலமாகத் தெரிந்த இன்னொன்றும் பதினாறு நாள் வயதில் திணறத் தொடங்கி இறந்தது. அதன்பின் இழப்பு இல்லை. 29 குஞ்சுகள் இருக்கின்றன.

நலிந்ததில் பிழைத்த அந்த ஒன்று மற்றவற்றின் முக்கால் பங்கு அளவுதான் இருக்கிறது. இரை எடுக்கிறது, ஓடுகிறது. ஓடி நின்றால் மட்டும் சிறிது நேரம் வால் ஏறி இறங்குகிறது. பெட்டையாகத்தான் தெரிகிறது. இதைப் பிறகு அடைக்கு முட்டையெடுக்க வைத்துக்கொள்ளலாமா, அல்லது நோய் குஞ்சுகளுக்கு இறங்குமா?

மறுமொழி 2-ஐ எழுதியவர்

மைக்கோபிளாஸ்மாவாக இருந்தால் கூடாது என்று சொல்லியிருப்பேன். அதில் தேறிய கோழி வாழ்நாள் முழுவதும் கிருமியைச் சுமக்கும், முட்டை வழியாகவும் இறக்கும். இந்தப் பூஞ்சை அப்படித் தாயிடமிருந்து வழிவழியாக இறங்குவதில்லை. நுரையீரலில் ஆறிய தழும்பு இருக்கும். வெயில் காலத்தில் மற்றவற்றைவிட முன்னதாக மூச்சிரைக்கும். அதைத் துரத்திப் பிடிக்காமல், இரவில் கூட்டில் அடைந்த பிறகு தூக்கும் வழக்கத்தை இப்போதே தொடங்குங்கள்.